தட்டு, தடவு, குத்து

ஞாயிறு மாலை

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உனக்கு எழுத உட்கார்ந்ததில் எனக்கும்தான். நாம் பேசிக்கொள்ளாமல் எத்தனை மாதம் ஆகிறது என்று எழுத ஆசை. ஆனால் இங்கிருந்து போகும் கடிதத்தில் எண் எதுவும் இருக்கக் கூடாதாம். தேதிகூடப் போட முடியாது, கிழமை மட்டும்தான். மாதத்தை நீயே எண்ணிக்கொள்.

வழக்கம்போல வினாத்தாள் அச்சகத்துக்குள் இருக்கிறேன். கதவைப் பூட்டியாகிவிட்டது. தேர்வு முடியும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. வெளியே இருப்பவர் உள்ளே காலை வைத்தால் அவரும் எங்களோடு பூட்டப்படுவார். போன் இல்லை, இணையம் இல்லை. காய்கறி வண்டியில் காலையில் கடிதம் வரும், மாலையில் போகும். நடுவில் கண்காணிப்பாளர் வரி விடாமல் படிப்பார். அதுவும் குடும்பத்தாருக்கு மட்டும்தான் எழுதலாம். குடும்பத்தில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவன் நீ ஒருவன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நடந்ததற்குப் பிறகு பென் டிரைவை உள்ளே கொண்டுவரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பிரெய்லில் தட்டச்சு செய்யும் கணினி என் அறையில். அதை விரலால் படித்துச் சரிபார்ப்பவர் பக்கத்து அறையில். அவருக்குக் கண் தெரியாது, எங்களுக்கெல்லாம் அவர் ‘விரல் சார்’. தாளில் புள்ளி குத்தும் மெஷின் கடைசி அறையில். அதற்கான மென்பொருள் அந்த அறைக் கணினியில்தான் இருக்கிறது. கேபிள் வேலை உன் ஒப்பந்தத்தில் சேராதாம், எங்கள் கணினிகளைக் கேபிள் போட்டு இணைத்துக்கொடுக்க வேறு ஒரு ஆள் வந்தார். உள்ளே வந்தால் வெளியே விடமாட்டார்கள் என்று வாசலில் தெரிந்ததும், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வியாழன் மாலைக்குள் குத்து மெஷின் ஓட வேண்டும். இல்லையென்றால் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்த வருடம் பிரெய்ல் தாள் கிடையாது, யாராவது வாசித்துக் காட்டட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கள் தாளைத் தாங்களே படிக்க வேண்டும் என்று வருடம் முழுக்கக் காத்திருக்கிற பிள்ளைகள் அவர்கள்.

பெட்டி என் மேஜைமேல் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா


திங்கள் காலை

அக்கா,

உன் கடிதத்தை ■■■ தடவை படித்துவிட்டேன். நீ என்னை ■■■ வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். வேலை என்று கேட்டுவிட்டாய், இனி என்னைப் பிடிக்க முடியாது. மார்க்கெட்டில் காய்கறி வண்டிக்காரரைப் பிடித்துவிட்டேன். தினமும் வண்டி கிளம்புமுன் என் கடிதத்தைக் கொடுப்பேன், வண்டி திரும்பியதும் உன்னுடையதை வாங்கிக்கொள்வேன்.

இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. இணையமே வேண்டாம். பெட்டிக்குள் வரிசையாகத் துளைகள் வைத்த ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் சுவிட்ச். எல்லாக் கணினியிலிருந்தும் கேபிள் அதற்கு வர வேண்டும். அவ்வளவுதான், உங்களுக்குள் ஒரு தெரு போட்டாயிற்று. இனி வீட்டுக்கு வீடு முகவரி வேண்டும். இங்கேதான் கவனம். உன் கணினிக்கு ■■■■■■■■■■■ என்று போடு. சரிபார்ப்பவருடையதற்கு ■■■■■■■■■■■. குத்து மெஷினுக்கு ■■■■■■■■■■■. எல்லாவற்றிலும் அதற்குக் கீழே இருக்கும் கட்டத்தில் ■■■■■■■■■■■. ஒரு இலக்கம்கூட மாறக் கூடாது. மாறினால் ஒரு கணினியை மற்றது எட்டிப் பார்க்காது.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. நானே உள்ளே வந்துவிடுகிறேன். பூட்டினால் பூட்டட்டும். இவளுக்குப் பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ■■■ நாள் இருக்கிறது. இவளும் “போயிட்டு வாங்க, அக்காவுக்கு நீங்க செய்யாம யார் செய்வா” என்கிறாள். ஒரு வார்த்தை சொல், கிளம்பிவிடுகிறேன்.

பழைய விஷயத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

தம்பி


திங்கள் மாலை

தம்பிக்கு,

நீ அனுப்பியது கடிதமா, கரி பூசிய சுவரா? எண் இருந்த இடமெல்லாம் கறுப்பு. வெளியே போகும் கடிதத்துக்கு மட்டும்தான் விதி என்று நினைத்தேன், உள்ளே வருவதற்கும் அதேதானாம். எழுத்தால் எழுதினாலும் விடமாட்டார். ‘ஒரு’ என்பதை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுவைக்கிறார். நேரில் போய்க் கேட்டேன்.

“சார், அது வினாத்தாள் சம்பந்தப்பட்ட எண் இல்ல. கம்ப்யூட்டருக்கான முகவரி.”

“இருக்கலாம்மா. விடை வரிசையாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாதே. தெரியாததை அழிக்கறதுதான் என் வேலை.”

கோபப்படக்கூட முடியவில்லை. அத்தனை மரியாதையாகச் சொல்கிறார்.

நீ உள்ளே வரும் பேச்சே வேண்டாம். அவள் நல்ல மனதோடு போ என்று சொன்னால், நீயும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாயா? உன் பிள்ளை பிறக்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும். இங்கே எனக்குக் கை இருக்கிறது.

பழைய விஷயத்தை நேரில் பேசலாம் என்கிறாய். நான் இப்போதே எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு உன்னிடம் உதவி வாங்க எனக்குக் கூசுகிறது. போன வருடம் திருத்தின கணக்குத் தாள் ஒரு பென் டிரைவில், திருத்தாதது இன்னொன்றில், பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி. அவசரத்தில் பழையது குத்து அறைக்குப் போய்விட்டது. தப்பான படத்தைப் பிள்ளைகள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். விசாரித்தவர்கள் கணினிகளைப் பராமரிக்கிற உனக்குப் போன் போட்டார்கள். “கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல சார், ஆள்தான் தப்பு” என்று சொன்னாய். உன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை அப்படியே போட்டு எனக்கு மெமோ கொடுத்தார்கள். மெமோ வந்ததுகூட வலிக்கவில்லை. அதைச் சொன்னது நீ என்பதுதான் வலித்தது.

சரி, சொல்லியாயிற்று. இப்போது கேபிளைப் பற்றி எழுது. பெட்டியில் இருப்பது நீளமான ஒரே சுருள். முனையில் மாட்டும் கண்ணாடி மாதிரியான கிளிப்புகள் தனியாகக் கிடக்கின்றன, கூடவே இடுக்கி போல ஒரு கருவி.

அக்கா


செவ்வாய் காலை

அக்கா,

நீ எழுதியது எல்லாம் உண்மை. பதில் சொல்ல இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன். ஓடி ஒளியமாட்டேன்.

கேபிளை அறைக்கு அறை அளந்து வெட்டு. கதவிடுக்கில் நசுங்காமல் சுவர் ஓரமாகக் கொண்டுபோ. முனையில் மேல்தோலைக் கொஞ்சம் உரித்தால் நிறம் நிறமாக மெல்லிய கம்பிகள் இருக்கும். பிரித்து, நீவி, இந்த வரிசையில் பிடி: ஆரஞ்சுக்கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக்கோடு வெள்ளை, நீலம், நீலக்கோடு வெள்ளை, பச்சை, பழுப்புக்கோடு வெள்ளை, பழுப்பு. கிளிப்பின் பொன்னிறப் பற்கள் உன்னைப் பார்த்து மேலே இருக்கும்போது இடமிருந்து வலம் இந்த வரிசை. எல்லாக் கம்பியும் கிளிப்பின் சுவரை முட்ட வேண்டும். பிறகு கருவியில் வைத்து அழுத்து. சொருகினதும் சுவிட்சில் பச்சை விளக்கு வந்தால் நீ பாஸ்.

அப்புறம் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் வை, ஆங்கில எழுத்தில், சின்னதாக. கோப்புப் பகிர்வு என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை எல்லாவற்றிலும் ஆன் செய். உன் கணினியில் ஒரு கோப்புறை மட்டும் உருவாக்கு. அதன்மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி ‘பகிர்’ என்று கொடு. முக்கியமானது இதுதான், அக்கா: தாள் அந்த ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். விரல் சார் அதைத் திறந்து திருத்தலாம். குத்து அறை அதைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. நகல் எடுத்துக்கொண்டு ஓடும் வேலையே கிடையாது. பழையது, புதியது என்ற பேச்சே வராது.

முகவரிக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எண்ணே எழுதப்போவதில்லை. நாம் சின்ன வயதில் குடியிருந்த மாடி வீட்டின் ■■■■■■■■■■■■■■. அடுத்த கட்டத்தில் உன் பள்ளிக்கூட ■■■■■■■■■■. அதற்கடுத்து அப்பாவின் ஸ்கூட்டர் ■■■■■■■■■■■■■■■■■■.

தம்பி

[ஓரத்தில், சிவப்பு மையில்: குடும்பச் செய்தி என்ற போர்வையில் எண் அனுப்புவது அனுமதிக்கப்படாது. — கண்காணிப்பாளர்]


புதன் மாலை

தம்பி,

பச்சை விளக்கு வந்துவிட்டது.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, கை மட்டும் எழுதிக்கொண்டே ஓடுகிறது. நேற்று முழுக்கக் கம்பியோடு மல்லுக்கட்டினேன். நான் நிறம் பார்த்து வரிசைப்படுத்துவேன், கிளிப்புக்குள் தள்ளும்போது ஏதாவது ஒரு கம்பி குதித்து இடம் மாறிவிடும். கிளிப்பு மேல் கிளிப்பாக வீணாய்ப் போயிற்று. விரல் சார் சத்தம் கேட்டு வந்தார். “கொடும்மா, நீ நிறத்தைச் சொல்லு, நான் பிடிச்சுக்கறேன்” என்றார். நான் ஆரஞ்சு என்பேன், நீலம் என்பேன், அவர் வாங்கி வாங்கி விரலிடுக்கில் வரிசையாக வைத்துக்கொள்வார். மனுஷன் பிடித்தால் உடும்புப்பிடி. அழுத்துவதற்கு முன்னால் கிளிப்பின் நுனியைத் தடவிப் பார்த்து, “இந்த ஓரத்துல இருக்கிறது முட்டல, குட்டையா நிக்குது” என்றார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், உண்மைதான். அதற்குப் பிறகு அவர் தடவிப் பார்க்காமல் ஒரு கிளிப்பையும் நான் அழுத்தவில்லை.

சுவிட்சில் சொருகினேன். பச்சை. சத்தம் போட்டே சொல்லிவிட்டேன். விரல் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, “எரியுதா? மினுக்குதா, நின்னு எரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குத்து அறையில் இருப்பவர்கூட ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கணினிகளுக்குப் பெயரும் வைத்துவிட்டோம். என்னுடையது தட்டு. விரல் சாருடையது தடவு. கடைசி அறையில் இருப்பது குத்து.

இப்போது கேள். தடவு குத்தைப் பார்க்கிறது. குத்து தடவுவைப் பார்க்கிறது. விரல் சார் ‘வணக்கம்’ என்று ஒரு கோப்பு எழுதி வைத்தார், அது கடைசி அறையில் தாளில் புள்ளியாகக் குத்தி வந்தது. அந்தத் தாளை அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார், கொடுக்கமாட்டேன் என்கிறார். ஆனால் என் தட்டு மட்டும் எதையும் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்க்கவும் இல்லை. பச்சை விளக்கு எரிகிறது, பெயர் வைத்தாயிற்று, பகிர்வு ஆன் செய்தாயிற்று, அப்படியும் ஊமையாக இருக்கிறது. எல்லாத் தாளும் தட்டில்தான் இருக்கிறது.

நாளை மாலைதான் கெடு. உடனே எழுது.

அக்கா


வியாழன் காலை

அக்கா,

ஆட்டோ வாசலில் நிற்கிறது, இவளுக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன நாளை அவள் மதிக்கவில்லை. அக்கா கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள் என்று அவள்தான் உட்கார வைத்திருக்கிறாள். இதை மார்க்கெட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

தடவும் குத்தும் பேசிக்கொள்கின்றனவா? முகவரியே போடாமலா? அப்புறம்தான் என் மரமண்டையில் உறைத்தது. முகவரி கொடுக்க ஆள் இல்லாவிட்டால் கணினிகள் தமக்குத் தாமே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்டுபிடித்துக்கொள்ளும். உங்களைப் போன்ற குட்டி இணைப்புக்கு அது தாராளம். எண் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் வெறும் பழக்கதோஷம். கண்காணிப்பாளர் அழித்தது எல்லாமே தேவையில்லாதது. அவரிடம் சொல்லாதே. நீ சொல்லாவிட்டாலும் இதை அவர் படித்திருப்பார்.

அப்படியென்றால் தட்டு ஏன் ஊமை? அதில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கமாட்டேன். கேட்கிற தகுதியை நான் போன வருடமே இழந்துவிட்டேன். முகவரிக் கட்டத்துக்குப் போ. அங்கே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, ‘தானாகப் பெறு’ என்பதைத் தேர்ந்தெடு. ஒரு தடவை கணினியை அணைத்துப் போடு. பிறகு தடவில் உட்கார்ந்து, கோப்புறை மேல்பட்டையில் பின்பக்கம் சாயும் கோட்டை அடுத்தடுத்துப் போட்டு, பக்கத்தில் தட்டின் பெயரை அடி. கடவுச்சொல் கேட்டால் தட்டினுடையதைக் கொடு.

வார்த்தை கிடைத்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் போன் வந்த வாரம் என் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரம். கணினி அமைப்பில் குறை என்றால் வேலை என் கையைவிட்டுப் போயிருக்கும். உன்னைத் தள்ளிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். ஒரே மாதிரி பென் டிரைவை உனக்கு வாங்கிக்கொடுத்தவனே நான்தான். இவள் கூப்பிடுகிறாள்.

தம்பி


வியாழன் மாலை

தம்பி,

ஓடுகிறது. இதை எழுதும்போதே கடைசி அறையிலிருந்து குத்து மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. மேஜை அதிர்கிறது, என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தட்டில் போட்டது நான்தான். உன் கடிதத்தில் கறுப்புக்கு நடுவே மாடி வீடு, பள்ளிக்கூடம், ஸ்கூட்டர் என்று மிச்சம் இருந்ததா, என்ன எண் என்று ஊகித்து என் கணினியில் அடித்துவிட்டேன். அடுத்ததில் போடப் போகும்போது சிவப்பு மை கண்முன் வந்து நின்றது. பயந்து விட்டுவிட்டேன். நேற்று உனக்கு மறைத்ததும் கண்காணிப்பாளர் படிப்பாரே என்றுதான். இன்னொரு மெமோ வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் பிள்ளைகளின் தாளை வைத்துக்கொண்டு ஒளித்து விளையாடப் பிடிக்கவில்லை. நேரே அவர் அறைக்குப் போனேன்.

“சார், நீங்க அழிச்ச எண்ணை நான் ஊகிச்சுக் கம்ப்யூட்டர்ல போட்டேன். அதனாலதான் வேலை நின்னுபோச்சு. கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல, ஆள்தான் தப்பு.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இப்ப அந்த எண் அங்க இருக்கா?”

“இல்ல சார். அழிச்சிட்டேன்.”

“அழிச்சது அழிச்சதுதான். போய் வேலையப் பாருங்க.”

தானாகப் பெறு என்று கொடுத்தேன், அணைத்துப் போட்டேன். விரல் சார் தடவில் உட்கார்ந்து தட்டின் பெயரை அடித்தார். கோப்புறை திறந்தது. கணக்குத் தாளை எடுத்து, படம் உட்பட விரலால் படித்து, ஒரு திருத்தம் போட்டார். அதே நொடி நான் என் அறையில் திறந்து பார்க்கிறேன், அந்தத் திருத்தம் அங்கே இருக்கிறது. குத்து அறையிலும் அதேதான். ஒரே தாள், எல்லோரும் அதையே பார்க்கிறோம். நான் ஒரு சாமானையும் கையில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் முதுகில் ஒரு அறை வைத்திருப்பேன், சந்தோஷத்தில்தான்.

அவள் எப்படி இருக்கிறாள்? ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாவது எழுது.

அக்கா


சனி காலை

அக்கா,

பெண்.

நேற்று பிறந்தாள், ■■■ மணி ■■■ நிமிடத்துக்கு. எடை ■■■■■■■■. நீளம் ■■■■■■. முடி மட்டும் எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறது, இதை அழிக்க முடியாது. இவள் நன்றாக இருக்கிறாள், நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்கிறாள். குழந்தையைக் கையில் வாங்கினதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நீ இல்லையே என்றும்தான்.

இதோடு ஒரு கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். தேதியும் மெமோ எண்ணும் கறுப்பாகத்தான் உன் கைக்கு வரும், மற்றதைப் படி. “தவறு ஊழியருடையது அல்ல. அடையாளம் தெரியாத ஒரே மாதிரி பென் டிரைவுகளில் தாளின் நகல்கள் அலையும்படி முறையை அமைத்தவன் நான். விசாரணையில் நான் சொன்னது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒப்பந்தம் போனால் போகட்டும். என் மகளிடம் அவள் அத்தையைப் பற்றிப் பேசும்போது எனக்கு நாக்குத் தடுமாறக் கூடாது.

தம்பி


சனி மாலை

தம்பி,

நகலைப் படித்தேன். விரல் சாருக்கும் படித்துக் காட்டினேன். இனி நமக்குள் அந்தப் பேச்சு வேண்டாம், முடிந்தது.

உன் கடிதத்தில் எடை கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக வந்தது. உலகத்தில் எல்லா அத்தைக்கும் தெரிகிற விஷயம், எனக்கு மட்டும் கரி. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கண்காணிப்பாளர் என்னை வினாத்தாள் கட்டுகளை எடை போடும் மேஜைக்குக் கூப்பிட்டார். தராசின்மேல் பிரெய்லுக்கான கனத்த தாளை அடுக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் முள் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு, ஒரு தாளை எடுத்தார், யோசித்தார், திரும்பவும் வைத்தார். பிறகு அந்தக் கட்டைத் தன் மேல்துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

“தூக்கிப் பாருங்கம்மா.”

“எதுக்கு சார்?”

“எண்ணைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல.”

வாங்கிக்கொண்டேன், தம்பி. ஒரு கை தானாகவே அடியில் போய்விட்டது. நல்ல கனம். அவளை அம்மாக்காரி நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள் வயிற்றில். பக்கத்தில் நின்றிருந்த விரல் சாரும் கையை நீட்டினார். அவரிடம் கொடுத்தேன். பழக்கம் விடுமா, துண்டை விலக்கி மேல் தாளைத் தடவிப் பார்த்தார்.

“இதுல எழுத்தே இல்லையேம்மா.”

“இன்னும் எழுதல சார். நேத்துதான் பொறந்திருக்கா.”

அவர் துண்டை மறுபடி மூடி, பத்திரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். வண்டி கிளம்பும்வரை நான் கீழே வைக்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தைக்கூட மடியில் அவளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்கா